யாரும் அழாத நகை

என் கடைசி செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போன வாரம்தான், அனகாபுத்தூர் வீட்டில் எல்லாரும் 'மரகத நாணயம்' மறுபடி பார்த்தோம். விழுந்து விழுந்து சிரிச்சது அம்மாதான். எப்படி முடிஞ்சது?

2017-ல் ஏ.ஆர்.கே. சரவன் எடுத்த படம். கடனை அடைக்கத்தான் ஆதி அந்த நாணயத்தைத் தேடிப் போறார். உதவிக்கு வர்ற கூட்டமோ, செத்தவங்க உடம்புல புகுந்த ஆவிகள். நிக்கி கல்ராணி வாயைத் திறந்தா ஆம்பளைக் குரல்! நாணயத்துக்குச் சொந்தக்காரர் எப்பவோ செத்த ராஜா. அவர் பழிவாங்குவார், அழ மாட்டார். இஸ்தான்புல்லில் நடக்கும் 'டாப்காபி' (1964) படத்திலும் திருடுவது மியூசியத்தில் இருக்கும் மரகதம் பதிச்ச கத்தியை. அவ்வளவு பிளான் போட்டவங்களை, உள்ளே பறந்து வந்த ஒரு சின்னப் பறவை மாட்டிவிட்டுடும்.

கவனிச்சீங்களா? நகையைப் பறிகொடுத்தவங்க அழுற சீன் ரெண்டுலயும் இல்லை. என்னைக் கேட்டா, நகைத் திருட்டு காமெடிக்கு அஸ்திவாரமே இதுதான். லாஜிக் எல்லாம் அப்புறம். அதே நாணயம் ஒரு வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்து வெச்சதா இருந்தா, யார் எந்தக் குரலில் பேசினாலும் அம்மா சிரிச்சிருக்க மாட்டாங்க. இந்தப் படங்களில் தங்கத்தை விட வைரமும் மரகதமும் வர்றதுக்கும் இதுவே காரணமோ என்னவோ. நம்மால கிராம் கணக்கு போட முடியாது பாருங்க.

படம் முடிஞ்சதும் அம்மா கேட்டாங்க: "அந்த நாணயத்தை வித்தா எத்தனை பவுன் வாங்கலாம்டா?"