முதல் தலைமுறைக் கார்

2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமக்கூருவில் ஒரு விவசாயி, சரக்கு வண்டி வாங்க ஷோரூமுக்குப் போனார். அவருடைய தோற்றத்தைப் பார்த்த விற்பனையாளர், பத்து ரூபாய்க்கே வழியில்லாதவர் என்பது போல ஏளனமாகப் பேசியிருக்கிறார். அந்த விவசாயி ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் ரூபாயைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். காணொளி நாடெங்கும் பரவியது. சினிமாக் காட்சியைப் பார்த்தது போல எல்லோரும் கைதட்டினோம்.

கைதட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் திரட்ட யாரால் முடியும்? கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சொந்தமும் நட்பும் உள்ளவரால் முடியும். நம் குடும்பங்களில் அப்படி யார் இருக்கிறார்கள்? முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளம், முதல் வங்கிக் கணக்கு என்று வந்தவர்கள் நாம். ஷோரூம் வாசலில் அவமானப்பட்டால் மேசையில் பணத்தைக் கொட்டிப் பதிலடி கொடுக்கும் வசதி நமக்கு இல்லை. நம்மிடம் இருப்பது சம்பளச் சீட்டும், ஆறு வருடக் கடனும், அந்தக் கடனைப் பற்றி நாம் தெரிந்து வைத்திருக்கும் விவரமும்தான்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு பழையது. பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர், தந்தையைப் பார்க்கப் போகும் வழியில் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, இருமடங்கு கூலி தருவதாகச் சொன்ன பிறகே ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. அதையும் சிறுவர்களே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் நடந்து வருவார் என்பது ஏற்பாடு. 1929இல் அதே அம்பேத்கர் பாரிஸ்டர். அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் அவரை ஏற்றிச் செல்ல எந்தக் குதிரைவண்டிக்காரரும் தயாராக இல்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழகாத மகர் ஒருவர் ஓட்டினார். விபத்து நடந்தது, அம்பேத்கரின் கால் முறிந்தது. அந்த நாட்டில் கூலிக்கு வண்டி ஓட்டுபவர்கூடத் தன்னைவிடக் கீழாகவே ஒரு பாரிஸ்டரைப் பார்த்தார்.

தமிழ்நாட்டிலும் பேருந்தில் ஏறுவதற்கே சட்டம் தேவைப்பட்ட காலம் உண்டு. சுயமரியாதை இயக்கத்தின் முன்னோடியான டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகத்தான் இன்று ஒரு தலித் இளைஞர் தன் பெயரில் கார் பதிவு செய்வதைப் பார்க்க வேண்டும். ஆகவே அந்தக் காரை ஏமாறாமல், கடனில் மூழ்காமல், பாதுகாப்போடு வாங்குவது நம் இயக்கத்தின் அக்கறைக்கு உரிய விஷயம்.

ஷோரூமில் முதலில் காட்டப்படும் விலை எக்ஸ்-ஷோரூம் விலை. நாம் கட்டப்போவது ஆன்-ரோடு விலை. இடையில் இருப்பவை சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் போன்றவை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தமிழ்நாட்டின் ஆயுள்கால வரி அதற்கு மேல் வருகிறது. 2023இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம்.

"இருபதாயிரம்தானே கூட, டாப் மாடலே எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. இருபதாயிரத்துக்காக வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுகிறது. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தொகையும் தனித்தனி வரியாக உள்ள கொட்டேஷனை எழுத்தில் கேளுங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஏதாவது இருந்தால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். கேட்ட இடத்தில் பெரும்பாலும் அந்த வரி காணாமல் போகும். அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே நாலு கார் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். நமக்கு அது சொத்தாக வந்து சேரவில்லை. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கடன். ஆறு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு வாங்குகிறீர்கள். குறையும் நிலுவை மீதான வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455. மொத்த வட்டி 1.47 லட்சம். அதே 9 சதவீதம் 'ஃப்ளாட்' வட்டி என்றால் மொத்த வட்டி 2.70 லட்சம். சொல்லும் எண் ஒன்றுதான், சுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தவணை குறைகிறதே என்று ஏழு ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதம் 2,800 ரூபாய் குறையும். மொத்த வட்டி 63,000 ரூபாய்க்கு மேல் கூடும். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் உண்மையான ஆண்டுச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடன் கொடுப்பவர்கள் வட்டாரத்தில் 'நெகட்டிவ் ஏரியா' என்றொரு சொல் புழங்குகிறது. முகவரியைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரம் வைக்கும் வழக்கத்துக்குப் பெயர் அது. அந்த முகவரிகளில் யார் வாழ்கிறார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சாதியின் பெயரால் கடனில் பாகுபாடு கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடத்தை நெறிமுறை 2003லேயே சொல்லிவிட்டது. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "ஏரியா சரியில்லை" என்று வாயால் சொல்வது சுலபம். அதை முத்திரை குத்திய தாளில் எழுதிக் கொடுக்க எந்த மேலாளரும் யோசிப்பார்.

இன்சூரன்ஸ் நமக்கு இன்னும் முக்கியமானது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நுழைந்தபோது உடைக்கப்பட்டவை வளைகுடாவில் உழைத்து வாங்கிய தொலைக்காட்சிகளும் மின்விசிறிகளும். எரிக்கப்பட்டவை பாஸ்போர்ட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு பீரோக்களும் இரு சக்கர வாகனங்களும் எரிந்தன. சாதி வெறி எதைத் தேடிப் போய் அழிக்கிறது என்று கவனியுங்கள். நாம் மேலே வந்ததன் அடையாளங்களையே அது முதலில் தொடுகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காக ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன என்று அவர் குடும்பம் புகார் சொன்னதையும் நாம் மறக்கவில்லை.

புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அது நம் வண்டி எரிந்தால் ஒரு ரூபாய்கூடத் தராது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீட்டில் தீ, கலவரம், வேண்டுமென்றே செய்யப்படும் நாசவேலை ஆகியவற்றுக்கு இழப்பீடு உண்டு. செலவைக் குறைக்கிறேன் என்று இரண்டாம் ஆண்டில் அதை விட்டுவிடுவது மற்றவர்களுக்குச் சிக்கனமாக இருக்கலாம். நம் ஊர்களில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அது ஆபத்து. ஷோரூம் சொல்லும் நிறுவனத்திடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெளியே விலை விசாரித்து நீங்களே தேர்வு செய்யலாம்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பும் புத்தாடையும் அணிவதை, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ செல்வதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. அந்தப் பட்டியலை மெதுவாகப் படியுங்கள். சைக்கிள், செருப்பு, புதுச் சட்டை. ஒரு குடியரசு இவற்றையெல்லாம் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அதே பிரிவில் கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஷோரூமும் கடைதான்.

"கார் வாங்குவது நுகர்வு வெறி இல்லையா? சுற்றுச்சூழல் என்ன ஆகும்? பொதுப் போக்குவரத்துக்குத்தானே போராட வேண்டும்?" என்று சில முற்போக்கு நண்பர்கள் கேட்கிறார்கள். பொதுப் போக்குவரத்துக்குப் போராடுவோம்; கடைசிப் பேருந்து காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகும் ஊர்களைச் சேர்ந்த நமக்கு அதன் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கார் வைத்திருக்கும் வீடுகளில் கேட்காத தியாகத்தை, முதல் கார் வாங்குபவரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. இரவில் பிரசவ வலி வந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்ற கேள்விக்கு அந்தக் கார் ஒரு பதில்.

அதே நேரம் நமக்குள்ளும் சிலவற்றைப் பேச வேண்டும். ஊர்க்காரர் முன் தலை நிமிர்வதற்காக மட்டும் சம்பளத்தில் பாதியைத் தவணையாக எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் பார்வை மாறாது. தவணை மட்டும் மாதா மாதம் வரும். மாப்பிள்ளை வீட்டுக்காக வாங்கப்படும் கார் மரியாதையின் அடையாளமல்ல, வரதட்சணை. சம்பாதித்து வாங்குபவர் பெண்ணாக இருந்தால், கூட வந்த தம்பியிடம் விலை சொல்லும் விற்பனையாளரை அந்த இடத்திலேயே திருத்துங்கள். பின்கண்ணாடியில் சாதிப் பெருமை பேசும் ஸ்டிக்கர்களைக் கண்டித்துவிட்டு நம் வண்டியில் உட்சாதிப் பெயரை ஒட்டினால் அதற்குப் பெயர் வேறு. அண்ணல் படம் இருக்கட்டும். அது யாரையும் கீழே வைப்பதில்லை.

வழிகாட்ட ஆள் இல்லை என்பதுதான் முதல் தலைமுறையின் பெரிய இழப்பு. அதை நாமே ஈடு செய்யலாம். ஏற்கெனவே கார் வாங்கிய தோழர் ஒருவர், புதிதாக வாங்குபவரோடு ஷோரூமுக்குப் போகட்டும். அம்பேத்கர் படிப்பகங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கொட்டேஷன் படிப்பதற்கும் வட்டிக் கணக்குப் போடுவதற்கும் ஒதுக்குங்கள். டெலிவரிக்கு முன் சேஸிஸ் எண், தயாரிப்பு மாதம், விற்பனைச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சரிபார்க்கும் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். வண்டி ஊருக்குள் வரும் நாளில் பத்துப் பேர் கூடவே வாருங்கள். காலனித் தெரு குறுகலென்று ஊர்ச் சாலையில்தான் நிறுத்த வேண்டியிருந்தால், அந்தச் சாலையும் நம் வரியில் போட்டதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.