நுணுக்குக்காட்டியை மட்டும் தந்தால் போதாது

புசல்லாவை உறவுகளே, விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களாக ஒரு விடயத்தை உங்களிடம் மனம் திறந்து சொல்கிறோம்.

இன்று தேயிலை நிற்கும் நம் மலைகளில் ஒரு காலத்தில் கோப்பிதான் நின்றது. 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் ஒன்று தென்பட்டது. அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அதை ஆராய இங்கு வந்து, பேராதனையிலிருந்து வேலை செய்தார். அந்தத் தூள் ஒரு பங்கசின் வித்திகள் என்பதையும், அவை காற்றில் பறந்து, ஈர இலையில் முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைகின்றன என்பதையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தெளிவாக்கினார். கோப்பியைக் காப்பாற்றக் காலம் பிந்திவிட்டது. ஆனால் எங்கும் ஒரே பயிரை நட்டால் நோய்க்கு நாமே வழி திறக்கிறோம் என்ற பாடம் உலகத்துக்குக் கிடைத்தது.

அந்தப் பாடம் பிறந்த மலைநாட்டில், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓர் இலைவாயைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? பலர் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரைந்துவிட்டே ஓ.எல். எழுதுகிறார்கள்.

கருவி இல்லாததால் மட்டுமல்ல. யாரோ நல்ல மனதோடு தந்த நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நம் ஊர் மூடுபனியின் ஈரத்தில் வில்லையிலேயே பங்கசு பிடித்துவிடும். பல்ப் போனால் மாற்ற ஆளில்லை. உடைந்தால் பொறுப்புச் சொல்ல வேண்டுமே என்று நாங்களும் வெளியே எடுக்கத் தயங்குகிறோம். தவறில் எங்களுக்கும் பங்குண்டு.

பெரிய பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன? உயிருள்ள கலத்தை ஒளிரவைத்து, வெட்டாமலே அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஒளி நுணுக்குக்காட்டிகளின் விலை மிக அதிகம். அவற்றைப் பொதுவான ஓரிடத்தில் வைத்து, பராமரிக்கவும் பழக்கவும் பயிற்சி பெற்றவர்களை நியமிக்கிறார்கள். ஆய்வாளர்கள் நேரம் பதிந்து வந்து பாவிக்கிறார்கள். கருவியோடு ஆளையும் சேர்த்துத் தருவதுதான் அங்குள்ள சேவை.

அதையே சிறிய அளவில் நாமும் செய்யலாம். பக்கத்துப் பாடசாலைகள், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பாராமல், இரண்டு மூன்று நல்ல கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்வோம். துடைக்க, திருத்த, பழக்க ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்போம்.

பழைய மாணவர்களே, தனவந்தர்களே, அடுத்த முறை கருவி வாங்கித் தரும்போது அதன் பராமரிப்புக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள். அலுமாரித் திறப்பைப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைப்பது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.