முதற் பிரதிக்கு மாலை, மற்றவற்றுக்கு மூலை!

சாய்ந்தமருதில் நூல் வெளியீட்டு விழாவென்றால் மண்டபம் நிரம்பும். முதற் பிரதியைப் புரவலர் பெறுவார், பொன்னாடை மின்னும், புகழுரை பொழியும். மறுநாள்? அச்சகக் கடனும் விலைபோகாத நூற்கட்டுகளும் ஆசிரியன் வீட்டில் குடியிருக்கும்!

1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பே சரித்திர’த்தைத் தந்தார் சித்திலெவ்வை. மஹாகவியின் கவிதைகளை நூலாக்கியது நமது கல்முனை வாசகர் சங்கம். பெருமுதலாளரன்று, இத்தகையோரே நம் இலக்கியத்தை வாழவைத்தனர்.

பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்களின் பணி. எனவே, உள்ளூர் நூல்களை விலைகொடுத்து வாங்கக் கல்முனை மாநகர சபை ஆண்டுதோறும் நிதி ஒதுக்குக! நாம் வேண்டுவது நன்கொடையன்று; நியாயம். விழாவுக்கு வரும் அன்பர்களே, வாழ்த்தோடு விலையையும் தாரீர்!