பரிமாற்றம் என்றால் கட்டணம் எதற்கு?

கல்லூரிச் சேர்க்கை முடிந்து முதற்பருவம் தொடங்கும் வேளையில் பெற்றோரின் கைப்பேசிகளுக்கு ஒருவகை விளம்பரம் தவறாமல் வந்து சேர்கிறது. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்பதே அதன் சாரம். விசா வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம், விடுதிச் செலவும் இல்லை என்ற வரிகள் தொடர்கின்றன. இவற்றுள் சில ‘மெய்நிகர் மாணவர் பரிமாற்றம்’ என்னும் பெயரையும் எடுத்தாள்கின்றன. உண்மையான மெய்நிகர் பரிமாற்றம் மிக நல்ல ஏற்பாடு. நம் மாணவர்கள் அதனை இன்னும் பேரளவில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் அப்பெயரைத் தாங்கி விற்கப்படுவன யாவும் பரிமாற்றம் ஆகிவிடா. இரண்டையும் பிரித்தறிய, வங்கி வாடிக்கையாளருக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பணம் யாருக்குச் செலுத்தப்படுகிறது என்று பாருங்கள்.

மாணவர் பரிமாற்றம் அடிப்படையில் பண்டமாற்றைப் போன்றது. இரண்டு பல்கலைக்கழகங்கள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இங்கிருந்து ஒருவர் அங்கே சென்று ஒரு பருவம் படிப்பார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். அவரவர் தத்தம் பல்கலைக்கழகத்துக்கே வழக்கமான கட்டணத்தைச் செலுத்துவர். ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம் தனிக் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. 1987-இல் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் இந்த அடிப்படையிலேயே இயங்கி வருகிறது. மெய்நிகர் பரிமாற்றத்தில் நீங்குவது பயணம் மட்டுமே. கணக்கு அப்படியே இருக்கும். பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்ட 2020-இல், பசிபிக் விளிம்புப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உறுப்புப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர், மற்றோர் உறுப்புப் பல்கலைக்கழகத்தின் பாடத்தை இணையவழியில் பயிலலாம். அதற்கெனக் கூடுதல் கல்விக் கட்டணம் கிடையாது. உறுப்பினர் அல்லாத பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு அந்தக் கதவு திறவாது என்பதும் உடன் சொல்லத்தக்கது.

எனவே, ‘பரிமாற்றம்’ என்று சொல்லி உங்களிடம் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ கேட்டால், அது கட்டணம் செலுத்திப் படிக்கும் இணையவழிப் படிப்பு. அதுவும் நல்ல படிப்பாக இருக்கலாம். அதனை அதன் பெயரால் அழைத்துவிட்டு வாங்குவதில் தவறில்லை.

அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் இதனை நேரில் கண்டிருக்கிறேன். மகளின் ‘பரிமாற்றப் பருவத்துக்காக’ வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு தந்தை வந்தார். சேர்க்கைக் கடிதத்தைக் கேட்டேன். அவர் தந்த தாளில் பல்கலைக்கழகத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. பணம் பெறுவோர் பெயரின் இடத்திலோ, அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்பு தெரியாத ஒரு நிறுவனம் இருந்தது. “சார், மகள் படிக்கும் கல்லூரிக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன். “சான்றிதழ் வந்த பிறகு கல்லூரியில் காட்டினால் போதும் என்று சொன்னார்களே” என்றார். கல்லூரியில் ஒருமுறை விசாரித்துவிட்டு வருமாறு சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை. பணம் அனுப்பினால்தான் வங்கிக்குத் தரகு என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் இப்படிப்பட்ட தரகு இல்லாமலேயே வங்கிகள் பிழைத்துக்கொள்ளும்.

‘சான்றிதழ் வந்த பிறகு காட்டினால் போதும்’ என்ற அந்த வாக்கியத்தில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் 2021 முதல் மாணவர்களுக்கென ஒரு வங்கி இயங்குகிறது. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய ‘கல்வி கிரெடிட் வங்கி’ அது. மாணவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாடத்தில் தேறினால் அதற்குரிய கிரெடிட்டுகள் அக்கணக்கில் வரவாகும். பட்டம் பெறும்போது அவை எடுத்துக்கொள்ளப்படும். பொதுவாக ஏழாண்டுகள் வரை அவை கணக்கில் செல்லுபடியாகும். இவ்வளவும் நமது சேமிப்புக் கணக்கை ஒத்ததே. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் நேரே வந்து வரவு வைக்க இயலாது. பதிவு பெற்ற கல்வி நிறுவனம் அனுப்பும் ஆவணங்களை மட்டுமே அது ஏற்கும். மாணவர் கையிலுள்ள சான்றிதழை ஏற்காது. எவ்வளவு புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் சான்றிதழாயினும், உங்கள் மகன் படிக்கும் நிறுவனம் அதனை ஏற்று, மதிப்பிட்டு, அனுப்பினால்தான் அது பட்டக் கணக்கில் சேரும். இல்லையேல் சுவரில் மாட்டிக்கொள்ள உதவும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி கூடும். அதற்குமேல் எதிர்பார்க்க இயலாது.

ஏற்பதிலும் ஒரு நாணய மாற்று விகிதம் உண்டு. ஐரோப்பாவில் ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஓர் ஆண்டுப் படிப்பு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஆண்டை ஆண்டோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய 6 கிரெடிட் நமது 4 ஆகும். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் 5 அல்லது 6 கூட ஆகலாம். எந்த விகிதம் கைக்கொள்ளப்படும் என்பதை உங்கள் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். டாலர் வாங்குமுன் அன்றைய விலையைக் கேட்கும் நாம், நான்கு மாதம் உழைத்துப் பெறப்போகும் கிரெடிட்டின் விலையைக் கேளாமல் இருப்பது விந்தையே.

இவ்விடத்தில் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் ஒரு சொல். 2022-இல் யுஜிசி வெளியிட்ட விதிகள், இந்திய, வெளிநாட்டு நிறுவனங்கள் இணைந்து இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் போன்றவற்றை வழங்க வழிவகுத்தன. இணையவழி, தொலைநிலைப் படிப்புகளுக்கு அவ்விதிகள் பொருந்தா. மறுபுறம், அரசின் ‘ஸ்வயம்’ தளத்திலுள்ள பாடங்களிலிருந்து ஒரு பருவத்தின் கிரெடிட்டுகளில் 40 விழுக்காடு வரை பெற 2021 முதல் இடமுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் ஒரேயொரு பாடம் மட்டும் படித்துவரும் மாணவர் நிற்கிறார். அவரை உள்ளே சேர்ப்பதும் வெளியே நிறுத்துவதும் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவின் கையில் இருக்கிறது. துணைவேந்தர்கள் வெளிநாடு சென்று புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையொப்பமிடும் படங்களை அடிக்கடி காண்கிறோம். அவ்வொப்பந்தத்தின் கீழ் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் தரப்படும் என்ற ஒரு பக்க அட்டவணை அந்தப் படத்தைவிட மாணவர்களுக்குப் பயன்படும். கட்டணம் செலுத்தும் பெற்றோர் அந்த அட்டவணையைக் கேட்க உரிமையுடையவர்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, காணொலிப் பாடங்கள்தாம் எங்கும் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கக்கூடும். தொலைவிலிருந்து கற்பது புதிதன்று என்பது மெய்யே. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே தன் வளாகத்துக்கு வராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி செய்தது. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அவற்றில் பாடம் உண்டு, தேர்வு உண்டு. உடன் படிக்கும் தோழர் இல்லை. இன்றைய காணொலிப் பாடங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். மெய்நிகர் பரிமாற்றத்தின் உயிர், திரையின் மறுபுறம் இருக்கும் சக மாணவர்.

இதற்கு நான் என்றும் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டு 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பிரெஞ்சு ஆசிரியர்கள் தொடங்கிய ‘கல்ச்சுரா’ திட்டம். காணொலி அழைப்பெல்லாம் இல்லாத காலம் அது. அமெரிக்க மாணவர்களுக்கும் பிரான்ஸ் நாட்டு மாணவர்களுக்கும் ஒரே சொற்பட்டியல் தத்தம் மொழியில் தரப்பட்டது. ஒவ்வொரு சொல்லையும் கண்டதும் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும். பிறகு இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, எதிர்த்தரப்பு மாணவர்களிடம் எழுத்திலேயே விளக்கம் கேட்க வேண்டும். ‘தனிமனித வாதம்’ என்ற சொல்லுக்கு அமெரிக்கர்கள் சுதந்திரம், தற்சார்பு என்ற திசையில் எழுத, பிரெஞ்சு மாணவர்களிடம் தன்னலம் என்ற பொருள் மேலோங்கியிருந்தது. அகராதியில் இரண்டும் ஒரே சொல்தான். அந்த வேறுபாட்டை எந்தப் பேராசிரியரும் சொற்பொழிவாற்றிப் புகட்டவில்லை. மாணவர்களே ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டனர். ‘குடும்பக் கடமை’, ‘சேமிப்பு’ என்ற சொற்களை நம் மாணவர்களும் ஜெர்மானிய மாணவர்களும் இவ்வாறு எழுதிப் பார்த்தால் எத்தகைய உரையாடல் பிறக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு மேலாளரோடும் வாடிக்கையாளரோடும் நாளை பணிபுரியப் போகிற பிள்ளைக்கு இந்தப் பயிற்சி சிறிதன்று. குறிப்பாக, வெளிநாடு செல்ல இயலாதவர்களுக்கு இதன் மதிப்பு மிகுதி. உடற்குறையால் நெடும்பயணம் செய்ய முடியாத மாணவர், நோயுற்ற தாயை விட்டு நீங்க முடியாதவர், வெளியூர்க் கல்லூரிக்கே தயங்கித் தயங்கி அனுப்பப்பட்ட பெண் ஆகியோருக்குப் பரிமாற்றம் என்றால் இதுவொன்றே வாய்க்கும். ஆனால் இதனைக் காட்டி, நேரில் செல்வதற்கான உதவித்தொகைகளைக் கல்வி நிறுவனங்கள் குறைக்க முற்படுமானால் அது நேர்மையற்றது. புதிய ஊரில் வாடகைக்கு அறை தேடுவதையும், தெரியாத மொழியில் மருந்துக் கடைக்காரரோடு பேசுவதையும் திரை கற்றுத்தராது.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடும் உண்டு. பூட்டக்கூடிய ஓர் அறை, தடைபடாத இணையம், வகுப்பு நேரத்தில் ‘கடைக்குப் போய்வா’ என்று சொல்லாத பெரியவர்கள் ஆகிய மூன்றும் தேவை. விடுதிக் கட்டணம் மிச்சம் என்று மகிழும் நாம், அந்த மிச்சத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டோக்கியோவில் காலை 9 மணி வகுப்பு நமக்கு விடிகாலை 5.30. கலிஃபோர்னியாவில் கோடைக்கால நேரப்படி மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. ஜெர்மனியில் கோடையில் பிற்பகல் 2 மணி வகுப்பு நமக்கு மாலை 5.30, கல்லூரி முடிந்து வந்து அமர ஏற்ற நேரம் இதுவே.

கட்டணம் உள்ள படிப்பையே தெரிந்து தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சில வங்கிக் குறிப்புகள். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதில்லை. வெளிநாடு சென்று படிப்பவருக்கான நோக்கக் குறியீடு வேறு, வீட்டிலிருந்தே படிப்பவருக்கு உரியது வேறு. படிவத்தில் அதனைச் சரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அட்டை மூலம் செலுத்தினால் அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தால் அதனை நீங்களே இயக்க வேண்டும்; பணம் செலுத்தியபின் மறுபடி முடக்கிவிடலாம். முழுப் பட்டத்தையே இணையவழியில் தருவதாகக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வந்தால், தன் விதிகளுக்கு உட்படாத அத்தகைய பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கையை நினைவிற்கொள்ளுங்கள்.

முதன்முறை முயல்பவர், இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, தம் கல்லூரியில் கற்பிக்கப்படாத ஒரேயொரு பாடத்தைத் தேர்ந்தெடுப்பதே நன்று. பருவங்கள் ஒத்துவருவதைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியா நமக்கு வசதியானது. அங்கே இரண்டாம் பருவம் ஜூலை இறுதியில் தொடங்குவதால் நம் ஒற்றைப்படைப் பருவத்தோடு ஏறத்தாழ இணைந்து செல்லும். அதற்கான பாடத்திட்டத்தை ஏப்ரலிலேயே அச்சிட்டுத் துறைத் தலைவரிடம் தந்து, எத்தனை கிரெடிட் தரப்படும் என்பதை எழுத்தில் பெற்றுவிட வேண்டும். மெல்போர்ன் நகரில் காலை 11 மணிக்கு நடக்கும் வகுப்பு அப்போது நமக்குக் காலை 6.30. அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அன்று முதல் அதே வகுப்புக்கு 5.30-க்கே எழுந்து அமர வேண்டியிருக்கும்.