கழுத்து அறுவைக்குப் பின் கவளம் இறங்கவில்லையா?

மீன்பிடித் துறைமுகம் உள்ள தேங்காய்த்திட்டில் மீன் குழம்பில்லாத பகலுணவு அரிது. கழுத்தெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பியவர், அந்தக் குழம்புச் சோற்றையே விழுங்க இயலாமல் தட்டை விலக்கினால் வீட்டார் கலங்குவர். அறுவையில் தவறு நேர்ந்துவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. போகப் போகச் சரியாகும் என்று வாளாவிருப்போரும் உண்டு. இரண்டுமே முறையன்று.

காரணத்தை அறிவோம். கழுத்தில் தேய்ந்துபோன ஜவ்வை அகற்றி, இரு எலும்புகளை ஒன்றாக இணைக்கும் இம்முறை 1950களில் அமெரிக்காவில் உருவானது. எலும்பு பின்னே இருந்தாலும், மருத்துவர் பெரும்பாலும் முன்கழுத்தின் வழியாகவே அதனை அடைகிறார். அப்போது உணவுக்குழலையும் மூச்சுக்குழலையும் ஒருபுறமாக ஒதுக்கிப் பிடிக்க நேரிடுகிறது. அதனால் அவ்விடம் வீங்குகிறது. அருகிலுள்ள நரம்பு சோர்வுற்றால் குரலும் கம்முகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அல்லது 3 மாதங்களுக்குள் இத்தொல்லை தணிந்துவிடும். சிலருக்கு மட்டுமே நீடிக்கும்.

அதுவரை நோயாளி நிமிர்ந்து அமர்ந்து, சிறு கவளமாக, பேசாமல் உண்ணட்டும். குழைந்த சோறு, பாலில் ஊறிய இடியாப்பம், இறைச்சித் துண்டுகளை நீக்கி மசித்த நோன்புக் கஞ்சி ஆகியவை ஏற்றவை. மீனாயின் முள் ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து மசித்துக் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்கலாகாது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைப் பொடிக்கவும் கூடாது. "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தினால் புரையேறும்.

ரமலான் மாதமாயின் கவலை வேண்டாம். நோயாளி நோன்பைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்க மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

ஆனால் சில அறிகுறிகளுக்குப் பொறுத்திருத்தல் ஆகாது. கழுத்து விரைந்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அந்நொடியே மருத்துவமனைக்கு விரையுங்கள். காய்ச்சலுடன் கழுத்துவலி மிகுந்தாலும், உமிழ்நீரே இறங்காமற் போனாலும் தாமதியாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் நீர் நுரையீரலுக்குள் செல்கிறது என ஐயுற வேண்டும். உடல் எடை குறைந்தாலும், 3 மாதம் கடந்தும் தொல்லை தீராவிட்டாலும் அறுவை செய்த மருத்துவரையோ, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையையோ நாடுங்கள். பேரியம் பருகச் செய்து எக்ஸ்ரே எடுத்தால் உணவு எங்கே தடைப்படுகிறது என்பது தெரியும். விழுங்குவதற்கென்றே பயிற்சிகளும் உண்டு.

எது இறங்கியது, எது நின்றது, எப்போது இருமல் வந்தது என்பதை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அத்தாள் பெரிதும் உதவும்.