வாள் பெரிதா, சட்டை பெரிதா?



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய போர் நடந்தது. ஆயுதம், வாய்தான்! எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் ஆறாம் வகுப்பு, மற்றவன் எட்டாம் வகுப்பு. முதல் நாள் இரவு டி.வி.யில் ஒரு சீனப் படம் பார்த்திருக்கிறார்கள்.

"சைனாக்காரங்க வாள் இரும்புச் சட்டையையே வாழைத்தண்டு மாதிரி வெட்டிப் போடுமுங்க ஐயா!" என்றான் சின்னவன்.

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. வெள்ளைக்காரங்க வாள்தான் கனம். ஒரே போடு... சைனா வாள் ரெண்டாப் போயிரும்!" என்றான் பெரியவன்.

வாத்தியார் வேலையை விட்டாலும் பஞ்சாயத்து விடுமா? இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் சொன்னேன்: "இரண்டு வாளும் தோற்றது. ஜெயித்தது சட்டை!"

இருவரும் முழித்தார்கள். நீங்களும் முழிக்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் வாள்களைப் பார்ப்போம். சீனாவில் இரண்டு வகை வாள்கள் புகழ் பெற்றவை. நேராக, இரண்டு பக்கமும் கூர் உள்ளது 'ஜியன்'. ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள, பெரும்பாலும் வளைந்த வாள் 'தாவ்'. போருக்குச் செய்த தாவ் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். ஐரோப்பிய வீரர்கள் இரண்டு கையாலும் பிடித்த நீள வாளும் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோதான்! பத்துக் கிலோ, இருபது கிலோ என்பதெல்லாம் கட்டுக்கதை. அவ்வளவு கனத்தை எத்தனை முறை வீச முடியும்? இன்று போட்டிகளில் 'வூஷூ' வீரர்கள் சுழற்றும் பளபளப்பான வாளோ மெல்லிய தகடு. அது ஆட்டத்துக்கு, போருக்கு அல்ல.

ஆக, இரண்டு நாட்டு வாளும் எடையில் அண்ணன் தம்பிதான். எதிரே நிற்பவன் என்ன அணிந்திருக்கிறான் என்பதே உண்மையான கேள்வி.

ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால் வரை எஃகுத் தகட்டுக் கவசம் அணிந்தார்கள். அதன் எடை சுமார் 20 முதல் 25 கிலோ. சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில், சிறு சிறு இரும்புத் தகடுகளை வாரால் கோத்த கவசம் இருந்தது. அது 30 கிலோ வரைகூட வந்தது. இவை தவிர இன்னொன்று உண்டு, இரும்பு வளையச் சட்டை. அதைத் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது ரொம்பச் சுலபம்.

உங்கள் பனியனைக் கொஞ்சம் இழுத்து உற்றுப் பாருங்கள். தறியில் நெய்த வேட்டி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது. கண்ணி கண்ணியாக இருக்கும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி புகுந்து நிற்கும். வளையச் சட்டையும் அப்படித்தான். நூலுக்குப் பதில் இரும்பு வளையம். ஒரு வளையத்துக்குள் பொதுவாக நான்கு வளையங்களைக் கோத்து, வாயைச் சின்ன ஆணி அடித்து மூடுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கில்! இரும்பில் போட்ட பனியன் என்றே வைத்துக் கொள்ளுங்களேன்.

வாள் ஏன் அதை வெட்டவில்லை? தக்காளியை வெட்டும்போது கத்தியை அழுத்தியபடி இழுக்கிறோம், அறுகிறது. இரும்பு வளையத்தின் மேல் அப்படி இழுத்தால் கத்திதான் மழுங்கும். மேலும், ஓங்கி வெட்டும்போது அடி பல வளையங்களில் பகிர்ந்து போகிறது.

ஆனால் வெட்டு விழாவிட்டாலும் அடி விழும், எலும்பு முறியும். அதற்கு என்ன செய்தார்கள்? உள்ளே பல அடுக்குத் துணியையும் பஞ்சையும் வைத்துத் தைத்த தடித்த சட்டை போட்டார்கள். நம் பக்கத்தில் பஞ்சுச் சட்டையே தனிக் கவசமாகவும் இருந்தது. மைசூர் திப்பு சுல்தான் காலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசங்கள் இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. பார்த்தீர்களா, ஊசியும் நூலும் வாளை எதிர்த்து நின்ற கதையை!

வாளால் வெட்ட முடியாது என்பது அந்தக் கால வீரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் வேறு வழி தேடினார்கள். இத்தாலியில் ஃபியோரே என்று ஒரு வாள் ஆசிரியர். அவரும் என்னைப் போல வாத்தியார்தான்! சுமார் 1410-ல் அவர் உருவாக்கிய படப் புத்தகத்தில், கவச வீரர்கள் ஒரு கையால் வாளின் நடுப்பகுதியையே பிடித்துக் கொண்டு, கவசத்தின் இடுக்கில் முனையைக் குத்துகிறார்கள். வெட்டவில்லை, குத்துகிறார்கள். மற்றவர்கள் சம்மட்டி, கதை போன்றவற்றால் அடித்தார்கள்.

சீனாவிலும் இதே கதைதான். 1140-ல் சோங் படை கவசம் பூண்ட ஜின் குதிரைப் படையை எதிர்த்தபோது, காலாட்கள் நீளப் பிடி போட்ட வெட்டுக்கத்தியும் கோடரியும் எடுத்துக் கொண்டு குதிரைகளின் காலைக் குறி வைத்தார்கள். கவச வீரனை அடிக்கத் தடித்த இரும்புத் தடிகளும் அங்கே உண்டு. நம் நாட்டுக் கட்டாரிகள் சிலவற்றின் முனை தடித்திருப்பது ஏன் தெரியுமா? வளையத்துக்குள் புகுந்து அதைப் பிளக்கத்தான்.

இதைக் கேட்டதும் பெரியவன், "அப்ப நம்ம ஊரு வாள், ஐயா?" என்றான். நல்ல கேள்வி!

திருப்பூரிலிருந்து நொய்யல் ஆற்றோடு கிழக்கே போனால், ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைப் பக்கம் கொடுமணல் என்ற ஊர் வரும். 1985-ல் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. மணிகள் செய்த இடமும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. சங்க கால ஊர் அது. இரும்பையும் கரியையும் மண் மூசையில் வைத்து மூடி, பெரும் சூட்டில் உருக்கி எஃகு எடுக்கும் வித்தை தென்னிந்தியாவில் வளர்ந்தது. அந்த எஃகு அரபு நாடுகளுக்குப் போனது. புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களில் இந்திய எஃகும் இருந்தது. உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் மைக்கேல் ஃபாரடே, 1819-ல் இந்த எஃகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

பெருமைதானே? பெருமைதான். ஆனால் பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாது. நம் எஃகில் செய்த வாளும் நல்ல தகட்டுக் கவசத்தை வாழைத்தண்டு போல வெட்டாது. இன்னொன்றும் கேளுங்கள். தஞ்சாவூரில் மராட்டியர் ஆண்ட காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகுகளுக்கு நம் ஊர்ப் பிடி போட்டுப் பயன்படுத்தினார்கள். நம் எஃகு அங்கே போனது. அவர்கள் அலகு இங்கே வந்தது. பிறகு எந்த நாட்டு வாள் உசத்தி என்று சண்டை போடுவதில் என்ன இருக்கிறது?

சின்னவனுக்கு மனம் ஆறவில்லை. "சட்டை போட்டுக்கிட்டுச் சண்டைக்குப் போறது பயந்தாங்கொள்ளித்தனமுங்க ஐயா" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், இதே வார்த்தையை வேறு ஒருவனிடம் நான் கேட்டிருக்கிறேன்.

நம் ஊர்க் கம்பெனிகளில் கட்டிங் செக்‌ஷன் பார்த்திருப்பீர்கள். மேஜை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலும் கீழும் பாயும் மெஷின் கத்தியால் வெட்டுவார்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் கைக்கு ஒரு கையுறை உண்டு. அது துணியில் செய்ததல்ல. குட்டி எஃகு வளையங்களைக் கோத்தது. ஆமாம், பழைய போர்க்களத்து வளையச் சட்டையேதான்! உலகத்தில் வாள் சண்டை ஓய்ந்துவிட்டது. ஆனால் வாளை வென்ற சட்டை இன்றும் நம் ஊரில் வேலைக்குப் போகிறது.

என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு மாணவன் கட்டிங் மாஸ்டர் ஆனான். கெட்டிக்காரன். ஒருநாள் வழியில் பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "கையுறை போடலியாப்பா?" என்றேன். "அதைப் போட்டா துணி கைக்குப் பிடிபடாதுங்க ஐயா. பயந்தவன்னு பசங்களும் சிரிப்பாங்க" என்றான். அந்தக் கம்பெனியில் இருந்ததே ஒரே ஒரு கையுறைதானாம். வெளிநாட்டு பையர் வரும் நாளில் மட்டும் அது அலமாரியை விட்டு வெளியே வருமாம்!

பிள்ளைகளே, 25 கிலோ இரும்பைச் சுமந்து போன வீரன் பயந்தாங்கொள்ளியா? அவன் வீட்டுக்குத் திரும்பி வர விரும்பினான், அவ்வளவுதான். பதிற்றுப்பத்து என்ற சங்க நூலில் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்று ஓர் அழகான சொல் வருகிறது. மெய் என்றால் உடம்பு. உடம்பை மறைத்துக் காப்பது மெய்ம்மறை. சேர மன்னனைப் புகழ்ந்த புலவர்கள், அவனைத் தன் வீரர்களுக்கு மெய்ம்மறை என்றே அழைத்தார்கள். காப்பாற்றுகிறவனே தலைவன் என்பது அவர்கள் கருத்து. என் கருத்தும் அதுதான். கம்பெனி நடத்துகிறவர்களும் இதை நினைக்க வேண்டும். கட்டிங்கில் எத்தனை கை உண்டோ, அத்தனை கையுறை வேண்டும்.

படத்தில் வாள் வீச்சைப் பாருங்கள், ரசியுங்கள். ஆனால், "இது எதை வெட்டும்? எதை வெட்டாது?" என்றும் கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையை எந்தப் படமும் ஏமாற்ற முடியாது.

இன்று இரவு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ அண்ணனோ கட்டிங் வேலைக்குப் போகிறவரானால், அவர் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் போய், "இன்னைக்குக் கையுறை போட்டீங்களா?" என்று கேளுங்கள். நான் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கேட்பீர்கள்தானே?