பாடவேளையில் பேசுவது யார்?

‘மாணவர்களின் பேச்சுத்திறனுக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று நம் பள்ளிகளில் கேட்டால், தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கும் கோப்பைகளைத்தான் முதலில் காட்டுவார்கள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்குக் காமராசர். அப்புறம் சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம். தமிழாசிரியர் எழுதிக் கொடுப்பார். குரல் வளமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழங்குவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். மேடைப்பேச்சு நம் பெருமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிவியல் வகுப்பில் மூன்றாம் வரிசைப் பையன், தனக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகியிருக்கிறானா? அதற்குக் கோப்பைகள் சாட்சி சொல்லாது.

பி.எட். படித்த எல்லோருக்கும் பிளாண்டர்ஸ் நினைவிருப்பார். மூன்று நொடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிக்கச் சொன்னவர். அந்தப் பத்தில் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு, ஒன்று மௌனத்துக்கும் இரைச்சலுக்கும். தேர்வெழுதிவிட்டு மூட்டை கட்டி வைத்த அந்த அட்டவணையை நம் பாடவேளை ஒன்றில் வைத்துப் பாருங்கள். எட்டாவது வகை, அதாவது கேட்டதற்குப் பதில், ஓரளவு நிரம்பும். அதிலும் பாதிக்கு மேல் ‘புரியுது சார்’ என்ற கூட்டுக்குரலாக இருக்கும். ஒன்பதாவது, மாணவர் தாமாகத் தொடங்கும் பேச்சு. அது ‘டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?’ என்பதைத் தாண்டாது.

இதே மூன்று நொடியைத் தொட்டு இன்னொரு ஆய்வும் உண்டு. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அளந்தார். சுமார் ஒரு நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு மாணவரைக் கேட்பார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். இதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் கூடின. செலவே இல்லாத சீர்திருத்தம். ஆனால் 40 பேர் பார்த்துக்கொண்டிருக்க வாயை மூடிக்கொண்டு நிற்பது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பு ஒன்றில் பார்த்தது. மேசைமேல் எவர்சில்வர் டம்ளர், உள்ளே ஐஸ் தண்ணீர், வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளி. “இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு ஆசிரியை சும்மா நின்றார். “கசிஞ்சிருக்கு மிஸ்” என்றான் ஒருவன். “டம்ளர்ல ஓட்டை எங்கடா?” என்றான் பக்கத்தில் இருந்தவன். “கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருக்கும்.” சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்: “அப்போ உள்ளே மோர ஊத்திப் பாப்பம் மிஸ். கசிஞ்சா வெளிய வெள்ளையாத்தான வரணும்?”

ஒரு கருதுகோள், அதற்கு ஒரு மறுப்பு, மறுப்பைச் சமாளிக்க ஒரு திருத்தம், கடைசியில் ஒரு சோதனை. நான்கே வாக்கியம். ஆசிரியை ‘ஆவி சுருங்குதல்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியது இதெல்லாம் முடிந்த பிறகுதான். ‘பாப்பம்’ என்று சொல்லாதே, ‘பார்ப்போம்’ என்று சொல் என அவர் நடுவில் குறுக்கிட்டிருந்தால் மோர் வந்திருக்காது.

தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இது முக்கியமான இடம். டக்ளஸ் பார்ன்ஸ் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1976இல் வெளியிட்ட நூலில் மாணவர் பேச்சை இரண்டாகப் பிரித்தார்: தட்டித் தடவி யோசிக்கும் பேச்சு, யோசித்து முடித்துப் பிறர் முன் வைக்கும் பேச்சு. முதலாவது நமக்கு வீட்டுத் தமிழில்தான் வரும், வரட்டும். குழுவில் பேசித் தீர்த்ததை வகுப்புக்கு எடுத்துச் சொல்லும்போது பாடநூல் தமிழ் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் பிள்ளை பேசாமல் இருந்துவிடும். (பட்டிமன்றம் வைத்தால் போதாதா என்பார்கள். அதில் அணி முன்பே பிரிந்துவிடுகிறது. எதிரணி சொல்வது சரியென்று பட்டாலும் ஒத்துக்கொள்ள வழியில்லை.)

இது மொழியாசிரியர் வேலை என்று ஒதுங்குபவர்களுக்குப் பதில் பழையது. பிரிட்டனில் 1975இல் வெளிவந்த புல்லக் குழு அறிக்கையே எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் மொழிப் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. கணக்கு வகுப்பில் 2/5 பெரிதா, 3/8 பெரிதா என்று கேட்டு, சரியான விடை வந்ததும் ‘உட்காரு’ என்று சொல்லாமல் ‘எப்படி?’ என்று கேட்பதுதான் அந்தப் பொறுப்பு. “ரெண்டையும் இரட்டிச்சேன் சார். 4/5, 6/8. முழுசாக அதுக்கு 1/5 வேணும், இதுக்கு 1/4 வேணும். குறையிறது கம்மியா இருக்கிறதுதான பெருசு” என்று ஒருத்தி சொன்னால், பொதுப் பகுதி காணும் முறையைவிட அது வகுப்புக்கு நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

போர்ஷன் முடிய வேண்டுமே? கணக்குப் போடுவோம். 40 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் தனித்தனியே பேசினால் பாடவேளை போய்விடும். இரண்டிரண்டு பேராகத் திரும்பிப் பேசினால் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் பேசி முடித்துவிடலாம். சந்தைக்கடைச் சத்தம் வரும். அந்த வழியாகப் போகும் தலைமையாசிரியர் ‘வாத்தியார் இல்லையா?’ என்று எட்டிப் பார்ப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இதற்குத் தனி மதிப்பெண் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் ஆதரிக்கவில்லை. இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத் தேர்வில் பேசுதல், கேட்டலுக்கு இருந்த மதிப்பெண், பள்ளிக்குப் பள்ளி மதிப்பீடு சீராக இல்லை என்று 2014இல் மொத்தத் தரத்திலிருந்து விலக்கப்பட்டது. இங்கேயும் மதிப்பெண் என்றதும் இன்னொரு பதிவேடு வரும், அதை நிரப்ப இன்னொரு மாலை போகும். வளரறி மதிப்பீடு (அ)வில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. சார்ட்டும் படத்தொகுப்பும் அதை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டுக் குழுவில் பேசும் செயல்பாடு ஒன்றை வைக்கலாம். பெயர்ப் பட்டியலின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசியவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. பருவம் முடியும்போது புள்ளியே விழாத பெயர்கள் கண்ணில் படும். அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளைகளை முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று நொடி பொறுங்கள்.